மிக்சி சத்தத்துக்குப் பயப்படாத பிள்ளை

சங்கராபுரம்
12.9.2022

அன்புள்ள அம்சாவுக்கு,

வேடியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், நாயகி மூன்று பேரும் உயிரோடும் ஓரளவு சுத்தமாகவும் இருக்கிறோம். அங்கே உன் உடம்பு எப்படி, அந்தக் குவார்ட்டர்ஸ் கூரை எப்படி என்று எழுது. ஒழுகினால் கட்டிலைத் தள்ளிப் போடு. வாளியை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே படுக்காதே.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ பாறை மேல் ஏறி நின்று "கேக்குதா, கேக்குதா" என்று பத்துத் தரம் கேட்கிறாய். நான் "கேக்குது, சொல்லு" என்கிறேன். உடனே கட்டாகிவிடுகிறது. நீ மலைக்கு நர்ஸ் வேலைக்குப் போன இந்த இரண்டு மாதமாக நம் குடும்பமே இந்த இரண்டு வார்த்தையில்தான் நடக்கிறது. அதனால்தான் கடிதம். வெள்ளிமலை பஸ் கண்டக்டர் மாயவன் அண்ணன் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். "இன்னா வேடி, இந்தக் காலத்துல லெட்டரு? லவ்வா?" என்று பஸ்ஸே கேட்கும்படி கேட்டார். கல்யாணமாகி நாலு வருஷம் ஆனவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். உன் பீரோவில் விட்டுப்போன வெள்ளைச் சேலை இப்போது வெள்ளை இல்லை. என் சிவப்புத் துண்டு அதனோடு வாஷிங் மெஷினில் விழுந்துவிட்டது. ஊரில் இருக்கிற மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பிரித்து மாட்டுகிறவனுக்கு எந்தத் துணியை எதோடு போடக்கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ரோஸ் நிறம் உனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

அப்பா புதுப் போனோடு சிநேகிதமாகிவிட்டார். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒரு பெண் அதற்குள் இருக்கிறாள் அல்லவா, அவளிடம் காலையில் எழுந்ததும் "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று விசாரிக்கிறார். அவள் பக்கத்திலுள்ள ஓட்டல்களின் பட்டியலைச் சொல்கிறாள். "பாவம், பசியில இருக்குது" என்கிறார். அவருக்குக் காது மந்தம் என்பதால் அவளையும் கத்திப் பேசவைத்திருக்கிறார். டிவியும் அதே சத்தத்தில். எதிர்வீட்டுக்காரர்கள் இப்போது அவர்கள் டிவியைப் போடுவதே இல்லை, நம்முடையதிலேயே நியூஸ் கேட்டுக்கொள்கிறார்கள்.

நாயகியைப் பற்றித்தானே உனக்கு வேண்டும். நன்றாக இருக்கிறாள். காலையிலிருந்து என்னோடு கடையில்தான். நான் மிக்சியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜாரின் மூடிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள், தலைகூட நிமிராது. ரிப்பேருக்குக் கொடுத்த மிக்சியை வாங்க வந்த ரங்கம்மாள் அக்கா, "எங்கூட்டுப் பேரப்புள்ள மிக்சி போட்டா தெருவுக்கே ஓடிப்பூடும். இது இன்னா தைரியம்டா!" என்றாள். மெக்கானிக் மகள் என்றால் சும்மாவா என்று சொன்னேன். சாப்பாடு ஊட்டத்தான் போன் காட்டவேண்டியிருக்கிறது. நீ திட்டுவாய், தெரியும். ஆனால் ஒன்று, மற்ற பிள்ளைகள் மாதிரி சத்தம் வை என்று அடம்பிடிப்பதில்லை. ஊமைப் படமாகவே பார்த்துச் சாப்பிட்டுவிடுவாள். அவ்வளவு அடக்கம்.

பேசுகிறாளா என்று போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் கேட்டாய். "ம்மா" மட்டும்தான். இரண்டரை வயதுதானே ஆகிறது. நானும் மூன்று வயதில்தான் பேசினேனாம். பிறகு நான் நிறுத்தவே இல்லை என்று அப்பா சொல்கிறார். கவலைப்படாதே. நீ ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறும்போது காலைப் பார்த்து வை. அட்டை இருக்குமாம்.

இப்படிக்கு, ரோஸ் சேலைக்குப் பொறுப்பேற்கும்
வேடியப்பன்


சங்கராபுரம்
22.9.2022

அம்சா,

இதைப் படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள். நாயகிக்கு அடி ஒன்றும் படவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள்.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். ஒரு கிரைண்டரைப் பிரித்து வைத்திருந்தேன். நாயகி கடைக்குள்தான் இருந்தாள். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது ரோட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவள் பந்து உருண்டு போனதைக் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். கள்ளக்குறிச்சி பக்கமிருந்து பஸ் வருகிறது. ஏர் ஹாரன். அது அடித்தால் செத்தவன்கூட எழுந்திருப்பான். அவள் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். பஸ்காரர் பிரேக் போட்டு, அவளுக்கு ஐந்தாறு அடி முன்னால் வண்டி நின்றது. அவள் முதுகு பஸ்ஸுக்கு. அப்போதும் திரும்பவில்லை. நான் தூக்கியபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாய்யா கொழந்தைய வளக்கற? எத்தினி வாட்டி ஹாரன் அடிச்சிக்கினு வரேன், அதுக்குக் காது கேக்கலியா?" என்று கத்தினார். கோபத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

கடையை மூடினேன். அவளை வீட்டுக்குள் உட்காரவைத்து, அவள் விளையாடும்போது பின்னாலிருந்து தட்டைக் கீழே போட்டேன். திரும்பவில்லை. மிக்சியை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டினேன். திரும்பவில்லை. அதைத் தரையில் வைத்து ஓட்டியபோது தரை அதிர்ந்தது, உடனே கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தேடினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மெதுவாகவும் கூப்பிட்டேன், கத்தியும் கூப்பிட்டேன். அப்பா வாசலிலிருந்து "இன்னாடா, எதுக்குப் புள்ளய அதட்டிக்கினு கீற?" என்று ஓடிவந்தார். அவர் காதுக்கே கேட்டிருக்கிறது.

போனைச் சத்தமில்லாமல் பார்க்கிறாள் என்று பெருமையாக எழுதினேனே, அதை நினைத்தால் எனக்கு என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அந்தப் போன் எத்தனை மாதமாகச் சத்தம் இல்லாமல் இருக்கிறதோ. சத்தம் வை என்று அவள் எதற்குக் கேட்பாள்?

அப்பாவிடம் சொன்னேன். "என் காதுதான்டா அதுக்கு வந்துட்ச்சி. நான்தான் குட்த்துட்டேன்" என்றார். அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னேன். எனக்கு என்ன தெரியும், இருந்தாலும் சொன்னேன். டிவியை நிறுத்தினார். இதை எழுதும்வரை போடவில்லை.

உனக்கு எழுதலாமா, நேரில் வந்து சொல்லலாமா என்று யோசித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் என் முகத்தைப் பார்த்தே பயந்துவிடுவாய் என்று கடிதமாக அனுப்புகிறேன். மாயவன் அண்ணனிடம் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வா. கள்ளக்குறிச்சியில் காது டாக்டரிடம் மூன்று பேருமாகப் போவோம். நீ கூட இருந்தால் டாக்டர் சொல்வது எனக்குப் புரியும்.

வளைவுகளில் எழுந்து நிற்காதே. உட்கார்ந்தே வா.

வேடியப்பன்


சங்கராபுரம்
24.11.2022

அன்புள்ள அம்சாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலே வரி. மாயவன் அண்ணன் கொடுக்கும்போது இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில், போன வாரம் நாயகிக்குக் காது மிஷின் வைத்த, நீ இல்லாத அந்தப் புதன்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். போனில் சொன்னது பாதிகூட உனக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

செப்டம்பரில் டெஸ்ட் எடுக்கப் போனபோது நீயும் இருந்தாய். இரண்டு காதிலும் குறை கடுமையாக இருக்கிறது, ஆனால் கேட்கும் சக்தி முழுசாகப் போகவில்லை, மிஷின் வைத்தால் பலன் இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நீ என் கையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாய் என்று உனக்கே தெரியாது. அதே அறைதான். டெஸ்ட் எடுத்த அதே மேடம்தான். இரண்டு மிஷின்கள், ஒவ்வொன்றும் மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். நாயகி என் மடியில் உட்கார்ந்து மேடத்தின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். மேடம் காதுக்குப் பின்னால் மாட்டி, ஆன் செய்தார்.

பிள்ளைகள் அந்த நேரத்தில் சிரிப்பதைப் போன் வீடியோவில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் வீடியோ எடுக்கத் தயாராகப் போனை நீட்டிக்கொண்டிருந்தேன். இவள் சிரிக்கவில்லை. வளையலை விட்டாள். அப்படியே உறைந்துபோனாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தோள் மேல் ஏறி ஓவென்று அழுதாள். அழுதவள் திடீரென்று நிறுத்தினாள். சுற்றிப் பார்த்தாள். மறுபடி கொஞ்சம் அழுதாள், நிறுத்தினாள், காத்திருந்தாள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறாள், அம்சா. அவள் அழுகை அவளுக்கே புதுசு. மூன்றாவது தரம் வேண்டுமென்றே "ஆ" என்றாள். போன் எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி உடைந்துவிட்டது. வீடியோ கிடையாது. நான் எழுதுவதை நம்பிக்கொள்ளவேண்டியதுதான்.

மேடம் என்னிடம், நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மிக்சி ரிப்பேர் என்றேன். "அப்போ முதல்லயே சொல்லிடறேன், இதுல உங்க ஸ்க்ரூடிரைவர வைக்கக்கூடாது" என்றார். என் மனசில் அதே நேரம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு அலறியது. நாயகி காதைப் பொத்திக்கொண்டு என் வயிற்றுக்குள் புதைந்தாள். எழுந்து போய், பிள்ளைக்கு இன்றைக்குத்தான் மிஷின் வைத்திருக்கிறோம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கமுடியுமா என்று கேட்டேன். டிரைவர் பாட்டையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு சங்கராபுரம் வரை பஸ்ஸில் இருந்த எல்லோரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மா தூக்குவாளியின் மூடியைக்கூட மெல்லத் திறந்தாள்.

இப்போது அவளுக்கு வீடு முழுக்க வேலை. குழாயைத் திறந்தால் ஓடிவந்து பார்க்கிறாள். அப்பா செருப்பை இழுத்து நடப்பதற்குப் பின்னாலேயே போகிறாள். சிப்ஸ் பாக்கெட்டின் காலிக் கவரைக் கசக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு அலுத்துப்போனால் மிஷினைப் பிடுங்கி வீசிவிடுவாள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மாட்டுகிறேன். திங்கட்கிழமை ஒன்றைக் காணவில்லை. கட்டிலைப் பிரித்தேன், குப்பைக் கூடையைக் கொட்டினேன். கடைசியில் அப்பாதான் இட்லி மாவுக் குண்டானின் மூடி மேல் கண்டுபிடித்தார். இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் மாவுக்குள். அன்றைக்கே அவர் இரண்டு மிஷினையும் நூலில் கட்டி, ஊக்கால் அவள் கவுனின் முதுகில் குத்திவிட்டார். இப்போது பிடுங்கினாலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

எந்த நேரமும் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார் மேடம். செய்கிறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவேண்டுமாம். அதனால் கடையில், "அப்பா இப்போ ஸ்க்ரூவக் கழட்டறேன். இது காயில். காயில் கருகிப்போச்சி. இது அந்த மாமாவோட மிக்சி. மாமா தக்காளியோட கல்லையும் போட்டு அரைச்சிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பாவும் போனில் இருக்கிற பெண்ணை மறந்துவிட்டார். பேத்தியை எதிரில் உட்காரவைத்து, வெற்றிலை போடுவதிலிருந்து பனியன் மாற்றுவதுவரை விளக்கம் சொல்கிறார். தம் காதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் டிவியை மட்டும் இன்றுவரை சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

"ஊரார் பிள்ளைக்கெல்லாம் பின்னாலிருந்து கைதட்டி, திரும்புகிறதா என்று பார்த்தேன். என் பிள்ளைக்குத் தட்டிப் பார்க்கவில்லை. மிஷின் வைத்த அன்றும் நான் இல்லை. ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

நான் மோட்டார் மேல் காதை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவன். நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த மோட்டார் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தைரியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தப்பென்றால் இரண்டு பேரும் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்வோம். முழுசையும் நீயே தூக்கிக்கொண்டு மலையில் தனியாக உட்காராதே.

அந்தப் புதன்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று நீ எழுதவில்லை. மாயவன் அண்ணன் சொன்னார். மலையில் பிரசவ வலி வந்த சாலம்மாளுக்குக் குழந்தை குறுக்கே கிடந்ததையும், ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிட்டதையும், நீ நாலு ஆட்களைப் பிடித்துப் போர்வையில் தூளி கட்டி மழையில் அவளைச் சுமந்து வரவைத்ததையும் சொன்னார். "தங்கச்சி செருப்பு கூட இல்லாம நடந்துச்சிப்பா" என்றார். அவள் புருஷன் நேற்று அதே பஸ்ஸில் ஒரு பை சாமை கொடுத்தனுப்பியிருக்கிறான். நர்சம்மா பிள்ளைக்காம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்களாம். நீ அன்றைக்கு இங்கே வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் சாலம்மாள்?

ஆறு வருஷம் காத்திருந்து வந்த வேலை. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடு. கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அதுவரை வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு நான் கூட்டிப்போகிறேன். நான் சமாளித்துவிடுவேன் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அது பொய். செவ்வாய்க்கிழமை அவள் இருபதாவது தடவை பிடுங்கி எறிந்தபோது கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து என் வாயில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு காதைக் கிட்டே கொண்டுவந்தாள். அதற்குமேல் எப்படி அழுவது? எனக்கு முடியாத நாளும் இருக்கிறது, அம்சா. அந்த நாட்களிலும் நீ வேலையை விடவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

அவளுக்கு இன்னும் தன் பெயர் தெரியாது. சத்தம் கேட்டால் திரும்புகிறாள். ஆனால் "நாயகி" என்பது தன்னைத்தான் என்று விளங்கவில்லை. சொல்லிச் சொல்லித்தான் வருமாம். நானும் அப்பாவும் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறோம்.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருவாய் அல்லவா. வழக்கமாகச் செய்வதுபோல ஓடிவந்து அவளைத் தூக்கிவிடாதே. நான் அவளை உள்ளே, வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருப்பேன். நீ வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நில். பையைக்கூடக் கீழே வைக்கவேண்டாம். அங்கிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடு. கத்தவேண்டாம், உன் குரலிலேயே கூப்பிடு. திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் அழாதே.

இன்னொரு தடவை கூப்பிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
வேடியப்பன்